நல்ல குணம்

"பத்துப் பேர்ல ஒம்பது பேர் நல்லாத் தேறிடுவாங்கம்மா. கவலைப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னதும் அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னாளில் அவளுக்கு எத்தனையோ பேர் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது அந்த ஒரு கும்பிடு நினைவுக்கு வந்தபோதுதான்.

அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் திணறினால் அவள் கால் அதில் இறங்கும். கூடவே வாயும் இறங்கும். பாதி வகுப்பில் அழுதுகொண்டே இறங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள், மறுநாள் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அவள் 'பிரேக் டீச்சர்'.

அவள் கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். அத்தனை உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி, கீழே நிற்கிற லாரியின் முதுகில் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பான். கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பருந்து. வீட்டில் கோபம் மொத்தமும் அவளுடைய குத்தகை. அவள் கத்தி முடிக்கிறவரை அவன் சாவகாசமாக நகம் வெட்டிக்கொண்டிருப்பான். முடித்ததும், "ஆச்சா? தண்ணி தரட்டா?" என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர்களுடைய குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து அவன் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் யாரோ படாரென்று திறந்தார்கள். ஹெல்மெட் பிளந்தது. தலை பிளக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் அவன் கண் திறக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் தலைக் காயங்களைப் பார்க்கிற டாக்டர் ஓர் ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தார். அடிபட்டு வருகிறவர்களில் யார் எந்த அளவுக்குத் தேறுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கிற ஆராய்ச்சி. வயது என்ன, வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறதா, கூப்பிட்டால் பதில் வருகிறதா, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டினார். ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளின் கதையை அதற்குள் போட்டு வைத்திருக்கிறார்களாம். திரையில் ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் பச்சையாக நின்றது.

"நெத்திக்குப் பின்னால மூளை லேசா அடிபட்டுக் கன்றிப்போயிருக்கு. மத்தபடி எல்லாம் சாதகமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். அப்புறம்தான் அந்தப் பத்துக்கு ஒன்பது. கூட நின்ற நாத்தனார், பருந்தின் அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் கும்பிட்டாள்.

அவர் சொன்னபடியே அவன் கண் திறந்தான். பேர் சொன்னான், கிழமை சொன்னான், எழுந்து நடந்தான். வராந்தாவின் கடைசியில் ஒரு பெரிய அறை இருந்தது. அங்கே தலையில் அடிபட்டவர்களுக்கு நடக்கவும் பேசவும் யோசிக்கவும் மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். "இவரும் அங்க வரணுமா?" என்று அவள் விசாரித்தபோது, பொறுப்பிலிருந்த நர்ஸ் சிரித்தாள்.

"அது சிவப்புக்கும் மஞ்சளுக்கும்தாம்மா. உங்க வீட்டுக்காரர் பச்சை. அவங்கல்லாம் தானாவே சரியாயிடுவாங்க. இருக்கிற இடத்தைத் தேவைப்படறவங்களுக்குத்தானே குடுக்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. மகள் வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல, "எங்க வீட்டுக்காரர் பச்சையாம்" என்று போனில் நாலு பேரிடம் அவள் சொல்லவும் செய்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் கெட்டது சத்தம். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், எதுவும் அவனுக்கு ஆகவில்லை. ஏழு வயது மகள் எந்நேரமும் எதையாவது பாடிக்கொண்டே திரிகிறவள். ஒருநாள் அவன் போட்ட கூச்சலில் அந்தக் குழந்தை வீட்டுக்குள் பாடுவதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் மட்டும் பாடினாள்.

அடுத்தது வாசனை. பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கருகிப் புகை கூடத்துக்கு வந்த பிறகும் அவன் அடுப்படியிலேயே நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க, மூக்கில என்ன அடைச்சுக்கிட்டிருக்கு?" என்று அவள் ஓடிவந்து கத்தினாள். அவனுக்குக் கருகலும் தெரியவில்லை, சோப்பும் தெரியவில்லை, எதுவுமே தெரியவில்லை. கண்டுபிடித்தது அவள்தான். அவன் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

பிறகு கோபம். மொத்தக் குத்தகையும் கை மாறிவிட்டது. ஒன்றுமில்லாத பேச்சுக்குக் கண்ணாடி ஜக்கைச் சுவரில் எறிந்தான். அவள் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே சாதாரணமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "கை தவறிடுச்சு, நீ ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டான். அவன் பொய் சொல்லவில்லை. கை தவறியதாகவே நிஜமாக நம்பினான். அதுதான் அவளைக் கலங்க அடித்தது.

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்" என்பான் எப்போது கேட்டாலும். "உனக்குத்தான் என்னை நோயாளியா வச்சிருக்கணும்னு ஆசை."

நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அவன் சாவு வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கான்மா" என்றார் நாத்தனார். "வந்தவனை நிம்மதியா இருக்க விடாம, அதைத் தொடாதே இதைத் தொடாதேன்னு பின்னாலயே அலைஞ்சா யாருக்குத்தான் கோபம் வராது? டாக்டரே நல்லாயிட்டான்னு சொல்றார். உனக்கு என்ன கேடு?"

"அண்ணி, ஒரு வாரம் எங்க வீட்ல வந்து இருந்து பாருங்க."

"இருந்து பார்த்து என்ன செய்ய? உன் வாய் எனக்குத் தெரியாதா?"

அவள் இத்தனை வருஷம் கத்திக் கத்திச் சேர்த்து வைத்த பெயர், நம்ப வைக்க வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மதியம், பயிற்சிக் காரில் அவனை ஓட்டச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை பழக்கம் போகவில்லை. கியர் அழகாக விழுந்தது. அவன் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். அவளுக்கே, தான்தான் இல்லாததையெல்லாம் நினைத்துக்கொள்கிறோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். பருந்தின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கண் அவர் மேல் பட்டது. கதை நிற்கவில்லை. கார் நிற்கவில்லை.

அவள் எழுந்து நிற்காத குறையாகத் தன் பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு சாண் இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. பெரியவர் பையைப் போட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"பார்த்தேனே" என்றான் அவன்.

"பார்த்தீங்கன்னா ஏன் நிறுத்தல?"

"நிறுத்தத்தான் போனேன். அதுக்குள்ள நீ அவசரப்பட்டுட்டே."

அவனை இடம் மாறி உட்காரச் சொல்லிவிட்டு வீடு வரை அவளே ஓட்டினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்துக்கு ஒன்பது சொன்ன பெரிய டாக்டரைப் பார்க்க முடியவில்லை. அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர் பழைய விவரங்களைப் புரட்டிவிட்டு, "பச்சையாச்சே! கொஞ்சம் டைம் குடுங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

ஆறு மாதம் ஆனபோது ஆராய்ச்சியிலிருந்து போன் வந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எல்லாம் காதில் விழுந்தது. ஒரு பெண்குரல் பவ்யமாகக் கேள்வி கேட்டது.

"வீட்ல தனியா இருக்க முடியுதா சார்?"

"தாராளமா."

"கடைக்குத் தனியாப் போயிட்டு வருவீங்களா?"

"அதுக்கென்ன?"

"குடும்பத்துல சண்டை, கோபம், எரிச்சல் ஏதாவது முன்னைவிட அதிகமா?"

"நமக்கெல்லாம் கோபமே வராதும்மா. எங்க வீட்ல கேட்டுப் பாருங்க, கோபம் அவங்க டிபார்ட்மென்ட்."

குரல் சிரித்தது. "பழைய வேலைக்குத் திரும்பப் போக முடியும்னு நினைக்கிறீங்களா?"

"நாளைக்கே போவேன். இவங்கதான் விட மாட்டேங்கறாங்க."

அவள் கரண்டியோடு பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். "இந்தாம்மா, நான் அவர் சம்சாரம் பேசறேன். அவர் சொன்னதுல ஒண்ணுகூட உண்மையில்ல. என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்."

"மன்னிச்சுக்குங்கம்மா. நோயாளி தானே பதில் சொல்ற நிலைமையில இருந்தா, அவர்கிட்டதான் கேக்கணும். அதான் எங்க விதி."

"சொல்ற நிலைமையில இருக்காரான்னு யாருகிட்ட கேட்டீங்க?"

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவர்கிட்டதாம்மா."

அவள் போனைச் சோபாவில் எறிந்தாள். பருந்து அதை எடுத்து, "நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்கம்மா" என்று அந்தப் பெண்ணுக்குச் சமாதானம் சொல்லி வைத்தான்.

அந்தக் கேள்விகளின் முடிவு என்ன என்று ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வந்தபோது தெரிந்தது. 'நல்ல குணம்' என்று இருந்தது. கம்பெனி டாக்டர் அதைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அவன் மறுபடி கிரேன் ஏறலாம்.

அவள் துறைமுகத்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். கெஞ்சினாள்.

"என்ன டீச்சர் நீங்க!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லார் வீட்லயும் புருஷன் வேலைக்குப் போக மாட்டேங்கறான்னுதான் சண்டை நடக்கும். நீங்க போறான்னு சண்டை போடறீங்களே! டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். பருந்து இல்லாம இங்க எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

"அவர் மேலேருந்து எதையாவது போட்டுட்டா?"

"நல்ல வார்த்தை பேசுங்க டீச்சர்."

வேலைக்குப் போகிற அன்று காலையில் அவன் சீருடையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டான். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போது விசிலடித்தான். மாதக்கணக்கில் அவள் பார்த்திராத சந்தோஷம். வாசலில் அவன் கையைப் பிடித்தாள். "வேணாங்க. இன்னும் ஒரு மாசம். எனக்காக." அவன் கையை உதறிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினான்.

பத்து நிமிஷம் அவள் கூடத்தில் நின்றாள். பிறகு மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பயிற்சிக் காரை எடுத்தாள்.

துறைமுகத்து வாசல் காவலாளி அவளிடம் கார் கற்றவன். "சாப்பாட்டை மறந்துட்டார், குடுத்துட்டு வந்துடறேன்" என்று அவள் சொன்னதும், "போங்க டீச்சர்" என்று கம்பியைத் தூக்கிவிட்டான். லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒட்டியே போய், கிரேனுக்குக் கீழே, அடுத்த லாரி வந்து நிற்க வேண்டிய இடத்தில் எல் போர்டு வைத்த அந்தச் சின்னக் காரைக் குறுக்கே நிறுத்தினாள். கைபிரேக்கை இழுத்தாள். சாவியைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவள் யோசித்து வரவில்லை. அவனைக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் ஹாரன்கள் அலறின. கீழே நின்று வயர்லெஸ்ஸில் சைகை சொல்கிற ஆள் ஓடிவந்தான். பருந்தோடு பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவன். "டீச்சர், என்ன காரியம் பண்றீங்க? மேல பாருங்க!"

பார்த்தாள். கன்டெய்னர் ஏற்கெனவே கப்பலை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் வந்துகொண்டிருந்தது.

"பருந்து, நிறுத்து! கீழ வண்டி நிக்குது!" என்று அவன் வயர்லெஸ்ஸில் கத்தினான்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றது கரகரப்புக்கு நடுவே அவள் புருஷனின் குரல். நிதானமாக, உற்சாகமாக.

கன்டெய்னர் வந்துகொண்டே இருந்தது.

"நிறுத்துடா! டேய், நிறுத்து!"

சைகை ஆள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். தலைக்கு மேல் இரும்புக் கயிறுகள் முனகின. கடைசியில் அது நின்றது, வெடுக்கென்று. நின்ற வேகத்தில் அத்தனை பெரிய பெட்டி ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடியது. அதன் நிழல் அந்தக் காரின் மேல் போய்ப் போய் வந்தது. ஹாரன் எல்லாம் அடங்கிவிட்டது. சூப்பர்வைசர் அறையை விட்டு வெளியே வந்து நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பருந்து படிகளில் இறங்கி வந்தான். ஆடிய பெட்டியை அவன் பார்க்கவில்லை. நேராக அவளிடம் வந்து, இத்தனை வருஷத்தில் அவன் வாயில் அவள் கேட்டிராத வார்த்தைகளால் அவளைத் திட்டினான். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கார் கண்ணாடியில் வீசினான். கண்ணாடி விரிசல் விட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவன் அதிர்ந்து பேசியே பார்த்திராதவர்கள். சைகை ஆள் உருண்டு வந்த ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா பாக்கறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று அவர்களைப் பார்த்துக் கத்தினான் பருந்து. பிறகு அவளிடம், "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றான். அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

கம்பெனி அவளைத் துறைமுகத்துக்குள் இனி விடக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் அவனையும் முறையான சோதனைக்கு அனுப்பியது. ஓர் உளவியல் நிபுணர் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துக் கவனம், நிதானம், கண்ணில் பட்டதற்குக் கை எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்றெல்லாம் பார்த்தார். கிரேன் மட்டுமல்ல, பைக்கும் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மறுநாள் அவள் பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். வெளியே தடுத்த ஆளை அவள் சட்டை செய்யவில்லை. அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். களைத்த கண்கள். நிமிர்ந்து பார்த்து, உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திகைப்பார், மறுப்பார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் டாக்டர்.

"என்ன தெரியும்?"

"நெத்திப் பக்கம் அடிபட்டா சில பேருக்குத் தன்னோட குறை தனக்கே தெரியாது. கேட்டா நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவாங்க. இது ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம்தான்."

"தெரிஞ்சுமா அவர்கிட்டயே கேட்டீங்க?"

"ஆயிரக்கணக்கான பேரைப் பின்தொடரணும்மா. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போக ஆளில்ல. போன்ல ஒருத்தர்கிட்ட கேக்கறதுன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டோம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க கணிப்புன்னு பார்த்தா அது தப்பில்ல. உயிரோட இருக்கார். நடக்கிறார். அவர் வேலையை அவரே செஞ்சுக்கறார். எங்க அளவுகோல்ல அதுக்குப் பேரு நல்ல குணம்."

"குணமாயிடுச்சுன்னு எழுதிட்டீங்க" என்றாள் அவள். "அவரோட குணம் எங்க சார் போச்சு?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறு மாசமா வேற ஒரு ஆம்பளையோட குடித்தனம் பண்றேன் சார் நான். என் பொண்ணு வீட்ல வாயைத் திறக்கறதில்ல. நீங்க பச்சைன்னு சொன்னதாலதான் உங்க பயிற்சி ரூம்ல அவருக்கு இடம் இல்லன்னாங்க. நீங்க பச்சைன்னு சொன்னதாலதான் அவரைக் கிரேன்ல ஏத்தினாங்க. கீழ யாராவது செத்திருந்தா? கடைசியில அவர் வாயாலயே ஒரு வார்த்தை கேட்டு, நாங்க சொன்னது பலிச்சிடுச்சுன்னு கணக்குல ஏத்திக்கிட்டீங்க. உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

"குடும்பத்தையும் சேர்த்துக் கேக்கணும்னு குழுவுல நான் ரெண்டு தடவை சொன்னேன்மா."

"சத்தமாச் சொன்னீங்களா?"

சன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அன்னிக்கு உங்ககிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று பட்டது. அதுவும் அவளுக்குக் கோபத்தையே கிளப்பியது.

"பொழைச்சுக்குவார், மத்தது எனக்குத் தெரியாது, நீங்க கவனிச்சுப் பாருங்க, ஏதாவது மாறியிருந்தா வந்து சொல்லுங்கன்னு சொல்லியிருக்கணும். வந்து சொன்னப்ப நம்பியிருக்கணும். அது போதும்."

அவர் அப்போதே பயிற்சி அறைக்குப் போன் செய்து, விதியை மீறி அவனுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த சுற்றிலிருந்து குடும்பத்தில் ஒருவரிடமும் கேட்க வைப்பதாகச் சொன்னார். "இந்தத் தடவை சத்தமாவே சொல்றேன்" என்றார்.

"அவர் பேருக்கு எதிர்ல எழுதினதை மாத்துவீங்களா?"

"அது முடியாதும்மா. ஒருதரம் பதிவானா பதிவானதுதான்."

ஆக, எங்கோ அச்சாகப் போகிற அந்த ஆராய்ச்சியில் அவள் புருஷன் இன்றைக்கும் நன்றாகத் தேறியவர்களில் ஒருவன். அவள் நன்றி சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். சாத்திய வேகத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. போக வேண்டிய ஆள் அக்கா வீட்டில் இருந்தான். அவள் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறான் என்றார்கள். மகள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் நாத்தனார் அவனைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவன் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். நாத்தனார் செருப்பைக் கழற்றாமலே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கேஸைத் திறந்து விட்டுட்டுப் போய்ப் படுத்துட்டான். வீடு முழுக்க நாறுது, அவனுக்குத் தெரியல. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். கொஞ்சம் முன்னாடியே வந்ததால..." அவர் நிறுத்தினார். "கேட்டா நான் திறக்கவே இல்லங்கறான். என்னைப் பார்த்து, நீயும் அவளும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கறீங்கன்னு கத்தறான். என் தம்பி அப்படிப் பேச மாட்டாம்மா."

"ஆறு மாசமா அதைத்தான் அண்ணி நான் சொன்னேன்."

சொன்ன பிறகு, இன்னும் சொல்ல நிறைய இருந்தது அவளுக்கு. உன் வாய் தெரியாதா என்றீர்களே, உனக்கு என்ன கேடு என்றீர்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும்?" என்று கேட்டார் நாத்தனார். "நான் சொன்னா கேப்பான். நானும் வரேன்."

அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டுதான் முதல் நாள் போனார்கள். பயிற்சி கொடுத்த பெண் கெட்டிக்காரி. அவனிடம் வாதாடவே மாட்டாள். "பார்த்தேன்னு சொன்னீங்களே சார், சரி, இந்த வீடியோவைப் பாருங்க" என்று அவனையே படம் பிடித்து அவனுக்கே போட்டுக் காட்டுவாள். அவன் சண்டை போடுவான், எழுந்து போவான், மறுநாள் வருவான். வீட்டிலும் அவர்கள் இருவரும் சண்டை போட்டார்கள். சில நாள் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைக் காலால் உதைத்தாள். எந்த மாற்றமும் தெரியாத மாதங்கள் போயின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கோபம் வருவதற்கு முன்னால் எழுந்து வெளியே நடந்துவிட்டு வரப் பழகினான். துறைமுகத்தில் கயிறும் கொக்கியும் வைக்கிற கிடங்கில் பாதி நாள் வேலை கொடுத்தார்கள். அங்கே இருந்து பார்த்தால் கிரேன் தெரியும். அதைப் பற்றி அவன் வீட்டில் எதுவும் பேசியதில்லை.

பயிற்சியில் ஒரு பகுதியாக, கடைக்குத் தனியாகப் போய் மூன்றே மூன்று சாமான் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பெரிய கடை ஒன்றின் வாசலில் நின்றுகொண்டாள். அவன் பையோடு உள்ளே போனான். நல்ல கூட்டம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பில் போடுகிற இயந்திரங்கள் கீச்சுக்கீச்சென்று கத்தின, யாருடைய குழந்தையோ வீறிட்டது. கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். அவன் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அப்படியே நின்றான். பிறகு காலிப் பையோடு வாசலுக்கு வந்து, அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னால முடியல" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்! அவன் வாயிலிருந்து இது ஒருநாள் வரும், வந்ததும் அப்பவே நான் சொன்னேனே என்று முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். வந்துவிட்டது. கேட்க வாய் வரவில்லை. அவன் சொன்னது உண்மை என்று அவனுக்கே தெரிந்துவிட்ட முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அவர்களைத் தாண்டிப் போன ஒருவன், "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துடறானுங்க" என்றான்.

"யாரைச் சொன்னே?" என்று அவள் திரும்பினாள். அவள் குரல் கடைக்குள் பில் போடுகிற இடம் வரை கேட்டது. "இங்க வா. வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. வாய்யா!"

அந்த ஆள் வரவில்லை. வேகமாக நடந்து வண்டிகளுக்கு இடையே மறைந்தான். அவளுக்கு இன்னும் மூச்சு இரைத்தது. பருந்து அவள் சட்டைக் கையை விடவில்லை.

"விடு, போறான்" என்றான் மெதுவாக.

அவள் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பேருமாப் போய் வாங்கிட்டு வந்துடலாமா?"

அவன் கடையைப் பார்த்தான். யோசித்தான். "இன்னிக்கு வேணாம்" என்றான்.

"சரி, வேணாம்."

இருவரும் காரை நோக்கி நடந்தார்கள்.